பேருக்கு ஒரு கமிட்டி

நீங்க கவர்மெண்ட் உத்தியோகமுங்களா? இல்லைங்களா, அப்பச் சரி. தப்பா நினைச்சுக்காதீங்க. இப்பெல்லாம் பக்கத்துல உக்காந்திருக்கிறவரு யாரு, எந்த ஆபீஸுன்னு கேட்டுக்கிட்டுத்தான் நான் வாயைத் தொறக்கிறது.

பல்லடம் போறேனுங்க. பஸ்ஸுல போயி வருசக்கணக்காச்சு. காரு இருக்குது, வீட்டுக்காரி எடுத்துக்கிட்டுக் கம்பெனிக்குப் போயிட்டா. என் கம்பெனிக்குத்தான். எனக்கு முன்னாடியே போயிடறா. சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டீங்கன்னா சிரிப்பு வராது.

என் பேரு தண்டபாணிங்க. கரூர்ல ஏற்றுமதித் தொழில். சமையக்கட்டுல கட்டிக்கிறாங்களே ஏப்ரன், அது. அப்பறம் கை துடைக்கிற டவலு, மேஜை விரிப்பு, இதெல்லாம் தெச்சு வெளிநாட்டுக்கு அனுப்பறோம். தெக்கிறது பூரா பொம்பளைங்கதான். ஆம்பளைங்க கட்டிங்குல, அயர்னுல, லோடு ஏத்தற எடத்துல.

இந்த நாட்டுல தொழில் பண்றது லேசுன்னு நினைக்கிறீங்களா? நான் ஆரம்பிச்சப்ப ஒரு லைசென்ஸு, ஒரு கரண்ட் கனெக்‌ஷன், அவ்வளவுதான். அப்பறம் வாட் வரி வந்துச்சு, கத்துக்கிட்டேன். ஜிஎஸ்டி வந்துச்சு, ஆடிட்டர் வீட்டு வாசல்லயே கெடந்து அதையும் கத்துக்கிட்டேன். லாரி கெளம்பணும்னா கம்ப்யூட்டர்ல பில்லு போடணும்னாங்க. போட்டேன். தொழிலாளர் சட்டத்தை எல்லாம் சுருக்கிட்டோம், இனிமே ஈஸின்னாங்க. சுருக்குனதைப் படிக்கவே தனியா ஒரு ஆளு வேணும்போல இருந்துச்சு. எல்லாத்துக்கும் தலையாட்டினேனுங்க. ஏன்னா அதெல்லாம் கம்பெனி கேட்டோட நின்னுக்கும். கேட்டைப் பூட்டிட்டு வீட்டுக்கு வந்தா நம்ம சோறு நம்ம சோறுதான். இந்தக் கமிட்டிச் சட்டம் ஒண்ணுதான் கேட்டைத் தாண்டி வந்து என் சாப்பாட்டு மேஜையில உக்காந்துக்கிச்சு.

கமிட்டின்னா, பொம்பளைங்க வேலை செய்யற எடத்துல யாராவது தப்பா நடந்துக்கிட்டா விசாரிக்கிற கமிட்டி. சட்டம் பழசுதானுங்க, இருந்துக்கிட்டுதான் இருந்துச்சு. யாரும் கேக்கலை, நாங்களும் போடலை. திடீர்னு இப்பப் புடிச்சுக்கிட்டாங்க. கலெக்டர் ஆபீஸுலேர்ந்து ஆள் வந்து கமிட்டி எங்கேன்னு கேக்கறாங்க. வெப்சைட்டுல பேரு ஏத்துன்னு சொல்றாங்க. பத்துப் பேரு வேலை பாத்தாலே வேணுமாம். அபராதம்னாங்க, மறுபடியும் தப்புப் பண்ணினா லைசென்ஸே போயிரும்னாங்க. அதோட எங்க பையர், சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரன், அவனும் வருசா வருசம் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவான். அவன் லிஸ்ட்லயும் இது ஏறிடுச்சு.

சரி, போட்டுருவோம்னேன். தலைவியா யாரைப் போடறது? கம்பெனியில பெரிய பொறுப்புல இருக்கிற பொம்பளையாத்தான் இருக்கணுமாம். எங்ககிட்ட எல்லாம் டெய்லருங்கதானே. அப்ப ஆடிட்டர்தான் சொன்னாரு, ஏனுங்க, உங்க வீட்டம்மா பேரு மேனேஜர்னு சம்பள ரோல்ல இருக்குதே, அவங்களையே போட்டுருங்கன்னு.

இருந்துச்சுங்க. வருமான வரிக்காக ஏதோ ஒரு காலத்துல போட்டது. தமிழ்ச்செல்வி, பி.காம்., அட்மின் மேனேஜர். ஒரு நாள் வந்து நாற்காலியில உக்காந்ததில்லை. ஆயுத பூஜைக்கு வருவா, எல்லாருக்கும் பொரி குடுப்பா, போயிடுவா. எனக்கு ரொம்ப சௌகரியமாப் போச்சு. நம்ம வீட்டு ஆளு, நம்ம கைக்குள்ள இருக்கிற கமிட்டி. பேக்கிங்குல ஒரு அம்மா, ஆபீஸ்ல கணக்கு எழுதற ரவீந்திரன், ரெண்டு பேரையும் சேத்தேன். வெளியாளு ஒருத்தர் கட்டாயம் இருக்கணுமாம். எஸ்தர் மேடம்னு ஒருத்தங்க, பெண்கள் சங்கம் வெச்சிருக்கிறவங்க, அவங்களையும் போட்டோம். வீட்ல வந்து, இங்க ஒரு கையெழுத்துப் போடு தமிழுன்னேன். அவ கரண்டியைக் கீழ வெச்சுட்டு, என்னங்க இதுன்னா. பேருக்கு ஒரு கமிட்டின்னேன். பூராப் படிச்சுட்டுத்தான் போட்டா. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

கமிட்டி போட்டா மட்டும் போதாதாம், போர்டு வைக்கணும்னாங்க. வெச்சேன். போர்டுல எல்லார் போன் நம்பரும் போடணும்னாங்க. போட்டேன். தண்ணி டேங்க் பக்கத்துல, எல்லாரும் பாக்கற எடத்துல. யாராவது கூப்பிடுவாங்கன்னு யாருங்க நினைச்சா?

ஆடிட்டுக்கு மூணு மாசந்தான் இருந்துச்சு. காலையில இட்லி வெச்சுக்கிட்டே கேட்டா, "ஏனுங்க, நதியான்னா யாரு?"

"எந்த நதியா?"

"நம்ம கம்பெனியில தெக்கிற பொண்ணு. நேத்து எனக்கு போன் பண்ணுச்சு. எழுத்துல குடுக்கிறேன்னு சொல்லுச்சு."

"எதை?"

"மோகனைப் பத்தி."

மோகன்னா மோகனசுந்தரம். என் புரொடக்‌ஷன் மேனேஜர். அது மட்டுமில்லைங்க, இவளோட கூடப்பொறந்த தம்பி. எனக்கு மச்சினன். சின்ன வயசுல இவதான் இடுப்புல தூக்கி வளத்தா, அவங்கம்மா காட்டு வேலைக்குப் போயிடுமாம். அவனைக் கம்பெனிக்குக் கொண்டுவந்ததே நான்தான். நல்ல வேலைக்காரனுங்க. ஷிப்மெண்ட் தேதி நெருங்கிடுச்சுன்னா அவனைவிட்டா ஆள் கெடையாது. ஒரு தையல் லைன் நின்னுபோச்சுன்னா அவன் போயி நின்னாப் போதும், ஓடும். எப்படி ஓட்டுவான்னு நான் கேட்டதில்லை. கேக்கணும்னு தோணலை. ஓடுச்சு, அவ்வளவுதான்.

அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னா, கையைப் புடிச்சானாம். துணி குடோனுக்கு எதையாவது எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பிட்டுப் பின்னாலயே போவானாம். ஒருக்கா கதவைச் சாத்துனானாம். இது மாட்டேன்னு சொன்னதும் தெச்சது எல்லாத்தையும் சரியில்லைன்னு பிரிக்க வெச்சானாம். புடிச்சானாம், சாத்துனானாம், எல்லாமே 'னாம்'தானுங்க. யாரு பாத்தா? கேமரா குடோனுக்குள்ள இல்லை. வெக்கலாம்னு ஒருக்கா பேச்சு வந்துச்சு, வேண்டாம் மாமா தண்டச் செலவுன்னு மோகன் சொன்னான், விட்டுட்டேன்.

இந்தப் பேரெல்லாம் வெளியில சொல்லக்கூடாதுன்னும் சட்டத்துல இருக்குதாம். உங்ககிட்டச் சொன்னா எங்க போகப்போவுது, நீங்க வெளியூரு.

நான் தமிழ்கிட்ட சொன்னேன், "இது ஆடிட்டு நேரம். இப்ப இப்படி ஒண்ணு வந்துச்சுன்னா பையர் போயிருவான். நீ அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு நயமாப் பேசி அனுப்பு. பொம்பளைக்குப் பொம்பளை சொன்னாக் கேக்கும்."

"நீங்க இதுல பேசக்கூடாதுங்க," அப்படின்னா.

"என்ன?"

"கமிட்டி விசாரிக்கும்போது மொதலாளி தலையிடக்கூடாது. நீங்க கையெழுத்து வாங்கினதுல அப்படித்தான் போட்டிருக்குது."

என் வீட்ல, என் இட்லியைத் தின்னுக்கிட்டு இருக்கும்போது சொல்றா. சட்னி வேணுமான்னும் கேட்டா, அது வேற.

சரி, இவளை நம்புனா ஆகாதுன்னு நானே கெளம்பிட்டேன். அந்தப் பொண்ணு வீடு தாந்தோணிமலைப் பக்கம். புருசன் குமரேசன், பஸ்ஸுக்கு பாடி கட்டற பட்டறையில பெயிண்டரு. ஞாயித்துக்கெழமை காலையில ரவீந்திரனைக் கூட்டிக்கிட்டுப் போனேன். மெரட்டவெல்லாம் போகலைங்க. ஒரு மொதலாளி தொழிலாளி வீட்டுக்குப் போயி நிக்கிறான்னா அது மரியாதைதானே?

குமரேசன் நல்ல மனுசன். நாற்காலியைத் தொடைச்சுப் போட்டாரு. நான் சொன்னேன், "தம்பி, பெயிண்ட் வாசத்துல எத்தனை நாளைக்குக் கெடப்பீங்க? நம்ம கம்பெனியில ஸ்டோருக்கு ஒரு ஆள் வேணும். புருசன் பொண்டாட்டி ஒண்ணா வந்து ஒண்ணாப் போகலாம்." அவரு கண்ணுல ஆசை தெரிஞ்சுதுங்க. நான் ஆளுங்களைப் பாத்தவன், தெரியும். "அந்தக் காயிதத்தை மட்டும் திருப்பி வாங்கிக்கச் சொல்லுங்க. குடும்பத்துல இருக்கிற பொண்ணு, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, உங்களுக்குத்தானே சங்கடம்" அப்படின்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. உள்ளேர்ந்து அந்தப் பொண்ணு வந்துச்சு. கையில மாவு. துணி தெக்கும்போது பாத்திருக்கேன், முகத்தைச் சரியாப் பாத்தது அன்னைக்குத்தான்.

"மொதலாளி, நான் இதை இவர்கிட்ட சொல்றதுக்கே ரொம்ப நாளாச்சுங்க. சொன்னா என்னைத்தான் சந்தேகப்படுவாருன்னு பயந்துட்டிருந்தேன். இப்ப நீங்க வந்து அதையே எடுத்துக் குடுக்கறீங்க."

"அப்படியெல்லாம் இல்லை கண்ணு."

"நீங்க போயிட்டு வாங்க மொதலாளி. காபி போட்டிருப்பேன், பால் இல்லை."

பால் இருந்துச்சுங்க. அடுப்புல காஞ்சுக்கிட்டு இருந்துச்சு, வாசம் வந்துச்சு. ரவீந்திரனுக்கும் தெரிஞ்சிருக்கும்.

அது காயிதத்தைத் திருப்பி வாங்கலை. அதுமட்டுமா, நான் வீட்டுக்கு வந்ததையும் சேத்து கமிட்டியில சொல்லிடுச்சு. ரவீந்திரன் கமிட்டியில இருக்கிறவன், அவன் எப்படி என்கூட வரலாம்னு எஸ்தர் மேடம் புடிச்சுக்கிட்டாங்க. அவனை நீக்கிட்டு வேற ஆள் போட்டாங்க. பாவம் அவன், நான் கூப்பிட்டதுக்காக வந்தான்.

எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்துச்சு. தமிழு மோகனோட அக்கா. அக்கா விசாரிச்சாச் செல்லாதுன்னு எஸ்தர் மேடமே சொன்னாங்களாம். நான் உள்ளுக்குள்ள, ஆகா, இதோட கமிட்டி கலைஞ்சுதுன்னு இருந்தேன். ஆனா தமிழே எந்திரிச்சு நின்னு, நான் வெலகிக்கறேன், அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொன்னா இப்பவே வெலகிக்கறேன்னிருக்கா. நதியாகிட்டக் கேட்டிருக்காங்க. அது என்ன சொல்லிச்சுன்னா, "அக்காவே இருக்கட்டும். அவங்க தம்பிய அவங்களுக்குத் தெரியும்."

பாத்துக்கோங்க. எம்புட்டு நெஞ்சழுத்தம்.

விசாரணை எங்க சாம்பிள் ரூம்புல நடந்துச்சு. எல்லா ஏப்ரனும் சுவத்துல மாட்டியிருக்கும், நடுவுல பெரிய மேஜை. பையருங்க வந்தா நான் உக்கார்ற நாற்காலியில தமிழு உக்காந்திருந்தா. மொதல்ல மோகனைக் கூப்பிட்டாங்க. உள்ள போகும்போது, அக்கா இருக்குது, பாத்துக்கும்னு என்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான். வெளிய வரும்போது சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. என்னடான்னேன். "உக்காருங்க மோகனசுந்தரம்னு சொல்லுச்சு மாமா. என்னைய வாங்க போங்கன்னு பேசுது" அப்படின்னான். அவனுக்கு அதுதான் பெரிய அடியா இருந்துச்சு.

அப்பறம் என்னைக் கூப்பிட்டாங்க. என் கம்பெனியில, என் சாம்பிள் ரூம்புக்கு, என்னை.

உக்காந்தேன். அவ தலையை நிமுத்தாம, "பேரு சொல்லுங்க" அப்படின்னா.

"என்ன தமிழு, என் பேரு உனக்குத் தெரியாதா?" நான் சிரிச்சுக்கிட்டே கேட்டேன். யாரும் சிரிக்கலை.

"பதிவுக்கு வேணும்," அப்படின்னுட்டு, பக்கத்துல எழுதற எஸ்தர் மேடம் பக்கம் திரும்பி, "தண்டபாணி. உரிமையாளர்." அப்படின்னா.

எங்க பக்கம் பொம்பளைங்க புருசன் பேரைச் சொல்ல மாட்டாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கல்யாணம் ஆனதுலேர்ந்து என் பேரை அவ சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கிறவங்களை விட்டுச் சொல்லச் சொல்லுவா. அன்னைக்குத்தான் கேட்டேன். வேற யாரோ ஒருத்தன் பேரு மாதிரி இருந்துச்சுங்க.

"இதுக்கு முன்னாடி மோகனசுந்தரம் மேல இந்த மாதிரி புகார் உங்ககிட்ட வந்திருக்குதுங்களா?"

"இல்லை."

"வேலாயுதம்பாளையத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்துக்கிட்டு இருந்துச்சு. நின்னுருச்சு. ஏன் நின்னுச்சு?"

"வீட்டுப் பிரச்சனை."

"உங்ககிட்ட அழுதுச்சுங்களா?"

"தொழிலாளிங்க ஆயிரம் பேரு வர்றாங்க, போறாங்க, யாரு அழுதா யாரு சிரிச்சான்னு நான் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

அவ பேனாவைக் கீழ வெச்சா.

"மேடம், இதை எழுதிக்கோங்க. அந்தப் பொண்ணு நின்ன அன்னைக்கு இவரு வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது என்கிட்டச் சொன்னாரு. உன் தம்பிக்குக் கொஞ்சம் வெளையாட்டுப் புத்தி, ஒரு பொண்ணு வந்து அழுதுச்சு, நான்தான் பேசி அனுப்பிச்சேன்னு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. நான் அதுக்கு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களான்னு கேட்டேன். அதையும் எழுதிக்கோங்க. நான் வேற ஒண்ணும் கேக்கலை."

எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சுங்க. புருசன் பொண்டாட்டி சோத்துக்கு முன்னாடி பேசிக்கிறது சாட்சியா? நாளைக்கு எவன் தன் வீட்ல வாயைத் தொறப்பான்? அந்த வேலாயுதம்பாளையம் பொண்ணுக்கு நான் என்ன குறை வெச்சேன்? வேற கம்பெனியில வேலைக்குச் சொல்லி விட்டேன், லேசான வேலை. மோகனை ஒரு பேச்சுப் பேசாம அந்தப் பொண்ணையும் காப்பாத்தி, கம்பெனியையும் காப்பாத்தினேன். ஒரு எடத்துல ரெண்டு பேரு ஒத்துவரலைன்னா யாராவது ஒருத்தர் எடம் மாறணும். மோகன் மாறினா லைன் நின்னுரும். அதனால பொண்ணு மாறுச்சு. இதுல என்னங்க தப்பு?

காங்கேயம் வந்துருச்சா? பல்லடத்துக்கு இன்னும் நேரம் இருக்குது. இங்க பஸ்ஸைப் பத்து நிமிசம் நிறுத்துவான், டீ குடிக்கறீங்களா? வேண்டாமா, சரி.

முடிவு வந்துச்சு. தப்பு நிரூபணம், வேலையை விட்டு எடுக்கணும்னு. கமிட்டி சொன்னா மொதலாளி செஞ்சே ஆகணுமாம். அதுக்கும் ஒரு கெடு வெச்சிருக்காங்க. நான் இழுத்தேன். ஷிப்மெண்ட் முடியட்டும்னேன், ஆடி போகட்டும்னேன். பரமத்தியிலேர்ந்து மாமியா வந்துச்சு. வாசல்லயே உக்காந்துக்கிச்சு. "அவனை இடுப்புல வெச்சு வளத்தவ நீ. அவன் பொண்டாட்டி புள்ளை நாளைக்கு எங்க போவாங்க?" அப்படின்னு கேட்டுச்சு. தமிழு பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருந்தா. "ஆமாம்மா. நான்தான் வளத்தேன்" அப்படின்னா. அவ்வளவுதான். நறுக்கறதை நிறுத்தலை. மாமியா சாப்பிடாமப் போயிடுச்சு. அந்தம்மா போனப்பறம் சமையக்கட்டுல குழாயைத் தொறந்துவிட்டுக்கிட்டு இவ ரொம்ப நேரம் நின்னா. பாத்திரம் எதுவும் கழுவலை, தண்ணி மட்டும் போயிக்கிட்டு இருந்துச்சு. நான் போயிக் குழாயை மூடினேன். தண்ணிக் கஷ்டம் இருக்கிற ஊரு.

நான் யாருக்காகங்க இவ்வளவும் பண்ணினேன்? அவ தம்பிக்காகத்தானே? என் தம்பியா? என்கூடப் பொறந்தவனா? இதை யாரும் எனக்குச் சொல்ல மாட்டேங்கறாங்க. பொண்டாட்டி வீட்டு மனுசனைக் காப்பாத்தின புருசனை, பொண்டாட்டியே எதிர்ல உக்கார வெச்சுக் கேள்வி கேட்டா.

ஆடிட்டு வந்துச்சுங்க. வந்தவன் தமிழ்கிட்ட, கமிட்டிக்குப் புகார் ஏதாவது வந்துச்சான்னு கேட்டான். நான் அவளையே பாத்துக்கிட்டு நின்னேன். இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாக் கம்பெனியிலயும் அதைத்தான் சொல்றாங்க. இவ, வந்துச்சு, விசாரிச்சோம், வேலையை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கோம், மொதலாளி இன்னும் எடுக்கலைன்னு சொல்லிட்டா. இத்தனை வருசத் தொழில் போச்சுன்னு நினைச்சேன். அவன் எழுதிக்கிட்டுப் போனான். அன்னைக்குச் சாயங்காலமே மோகனைக் கூப்பிட்டு வேலை முடிஞ்சுது தம்பின்னு சொன்னேன். சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. பையர் போகலைங்க. போகலைங்கிறது மட்டுமில்லை, அடுத்த ஆர்டர் கூடவே குடுத்தான். அது துணி நல்லா இருந்ததால. இவ சொன்னதால இல்லை.

மோகனை நடுத்தெருவுல விட முடியுங்களா? பல்லடத்துல வெள்ளிங்கிரின்னு நம்ம சிநேகிதரு, நூல் மில்லு வெச்சிருக்காரு. நைட் ஷிப்டு, டே ஷிப்டுன்னு பெரிய எடம். சின்னப் பொண்ணுங்க நிறையப் பேரு, வெளியூர்ப் பொண்ணுங்க, மில்லுக்குள்ளயே ஹாஸ்டல். சூப்பர்வைசரு வேணும்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. நான் போன் பண்ணினேன். என்கிட்ட இருந்த பையன், வேலையில சுத்தம், குடும்பச் சூழ்நிலையால மாறறான்னு சொன்னேன். வெள்ளிங்கிரி ஒரு கேள்வி கேக்கலை. நீங்க சொன்னாப் போதுங்கன்னாரு. மனுசன்னா அப்படி இருக்கணும்.

தமிழுக்கு இது எப்படியோ தெரிஞ்சுது. சாப்பாடு போடும்போது கேட்டா. "அங்க என்னன்னு சொல்லி அனுப்பிச்சீங்க?"

"நல்ல பையன்னு சொன்னேன். பின்ன உன் தம்பியைப் பத்தி என்ன சொல்லச் சொல்றே?"

அடுத்த நாள் காலையில குளிச்சுத் தயாரா நின்னா. எங்க போறேன்னேன். கம்பெனிக்குன்னா. எதுக்குன்னேன். மேனேஜர்னு பேரு இருக்குதுல்லங்க, வேலை பாக்கறேன்னா. அன்னையிலேர்ந்து தினமும். மோகன் உக்காந்த எடத்துல உக்காந்திருக்கா. லைன் ஓடுது. அவன் அளவுக்கு வேகம் இல்லை, ஆனா ஓடுது. குடோன் கதவைக் கழட்டி வெச்சுட்டா. கதவில்லாத குடோன் கேள்விப்பட்டிருக்கீங்களா? பூனை வந்து துணி மேல படுக்குது. பொண்ணுங்க என்னைப் பாத்தா வணக்கம்னு சொல்றாங்க, அவளைப் பாத்தா நின்னு பேசறாங்க. நதியா இப்ப லைன் சூப்பர்வைசரு. குமரேசன் பட்டறையிலயேதான் இருக்காரு, ஸ்டோர் வேலை வேண்டாம்னுட்டாரு. வீட்ல எனக்கு எல்லாம் நடக்குதுங்க. துணி தொவைச்சு இருக்குது, சோறு நேரத்துக்கு இருக்குது. பேச்சுதான் இல்லை. இவ்வளவு நேரமா உங்ககிட்டப் பேசறேனே, நானே ஏன்னு யோசிச்சேன். வீட்ல பேச ஆள் இல்லை.

இப்ப எதுக்குப் பல்லடம் போறேன்னு கேக்கலையே நீங்க. நேத்து வெள்ளிங்கிரி கூப்பிட்டாரு. குரலே மாறிப்போயிருந்துச்சு. ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு, பள்ளிக்கூடம் முடிச்ச கையோட வேலைக்கு வந்ததாம், அதை ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம். எதையோ குடிச்சிருச்சு. பொழைச்சுக்கிச்சு, உயிருக்கு ஒண்ணுமில்லைன்னாரு. மோகனைப் போலீஸ் கூட்டிக்கிட்டுப் போயிருக்குது. அங்கயும் ஒரு கமிட்டி இருக்குதாம், என்னை வரச் சொல்றாங்க. என்னன்னு சொல்லி அவனை இங்க அனுப்பிச்சீங்கன்னு கேக்கணுமாம்.

தமிழ்கிட்டச் சொன்னேன். அந்தப் பொண்ணு பேரென்னன்னுதான் மொதல்ல கேட்டா. நான் கேக்கலைன்னேன். கேக்கலைங்க, அந்தப் பதட்டத்துல பேரா முக்கியம்? அதுக்கு என்னைப் பாத்தா பாருங்க, ஒரு பார்வை. காலையில காரை எடுத்துக்கிட்டுக் கம்பெனிக்குப் போயிட்டா. மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வருவாளாம், எஸ்தர் மேடத்தோட. என்கூட வர மாட்டாளாம்.

அதெல்லாம்கூட இருக்கட்டுங்க. வெள்ளிங்கிரி கடைசியா ஒண்ணு சொன்னாரு, அதுதான் எனக்குப் பொறுக்கலை. அந்தப் பொண்ணு, மொதலாளிகிட்டச் சொல்லிருவேன்னு மோகன்கிட்டச் சொல்லியிருக்குது. அதுக்கு அவன், "சொல்லு. கரூர்ல எங்க மாமா இருக்காரு, நான் என்ன பண்ணினாலும் அவரு பாத்துக்குவாரு" அப்படின்னிருக்கான்.

என் பேரைச் சொல்லியிருக்கானுங்க. நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்? அவன்கிட்ட அந்த மாதிரி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் சொன்னது கெடையாது. நீங்களே சொல்லுங்க. கரூர்லேர்ந்து கேட்டுக்கிட்டே வர்றீங்களே, நான் எங்கயாவது அப்படிச் சொன்னேனுங்களா?